கிராணி வீட்டுப் புழுங்கலரிசி

ஈப்போ புந்தோங்கில், என் கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி கறுப்புச் சப்பாத்து கிடக்கிறது. அண்ணனுடையது. தோல் வெடித்துவிட்டது, தூக்கிப் போட எனக்கு மனமில்லை. போன வாரம் டாக்டர் என் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, "வெள்ளரிசியை விடுங்கம்மா, புழுங்கலரிசிக்கு மாறுங்க" என்றார். கடையில் கேட்டால் அதற்குத்தான் விலை அதிகமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சோற்றுக்காக அண்ணனோடு நான் மல்லுக்கட்டியது கொஞ்சமா நஞ்சமா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா அம்மா போய்விட்டார்கள், நாங்கள் இரண்டே பேர். நான் பால்மரம் வெட்டி ரப்பர்பால் எடுத்தேன். அண்ணன் நாலெழுத்து இங்கிலீஷ் படித்திருந்ததால் ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா, ஆனார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலிச் சனங்களுக்கு வாராவாரம் அரிசி நிறுத்துக் கொடுப்பது அவர் வேலை. சப்பாத்து வந்தது, முழங்கால்வரை காலுறை வந்தது, கூடவே வீம்பும் வந்தது. கையால் அள்ளிக் கொடுக்கும் புழுங்கலரிசியை வாயால் தொடமாட்டார். "அது கூலி அரிசி. கிராணி வீட்டுல அந்த வாடை வரக்கூடாது" என்பார். ஈப்போவிலிருந்து நன்றாகத் தீட்டிய சயாம் பச்சரிசி வரும். நாலு தண்ணீர் விட்டுக் கழுவி, வெள்ளைவெளேரென்று வடித்துப் போட வேண்டும். தொட்டுக்கொள்ளக் கருவாடு மட்டும். பயறு வைத்தால் அதுவும் லயத்துச் சாப்பாடாம். எனக்குக் கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு, தனிப்பானை, புழுங்கல் சோறு.

சில மாதத்தில் அண்ணனுக்குக் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் விழுந்த குழி எழும்பவே எழும்பாது. காலையில் கயிற்றைத் தளர்த்தி, சப்பாத்துக்குள் அந்தக் காலை நான்தான் திணித்துவிடுவேன். நாலடி நடந்தால் நெஞ்சு படபடக்கிறது என்று உட்கார்ந்துவிடுவார். ரத்தவிருத்திக்கென்று மூன்று போத்தல் டானிக் குடித்தார். ஒரு புண்ணியமும் இல்லை. கடைசியில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அவர் காலை அழுத்திப் பார்த்ததுமே, "பெரிபெரி. ஈயச் சுரங்கத்துச் சீனர்கள்ட்டதான் பார்த்திருக்கேன், உங்களுக்கு எப்படி வந்துச்சு கிராணி?" என்றார். நான் அரிசிக் கதையைச் சொன்னேன். அவர் தலையிலடித்துக்கொண்டார். "தீட்டின வெள்ளரிசியில சத்தே இல்ல, அதான் இது. உங்க ஸ்டோர்லயே மருந்து இருக்கு. புழுங்கலரிசி சாப்பிடுங்க, பயறு சேர்த்துக்குங்க. இப்படியே விட்டா நெஞ்சு நின்னுரும்."

அண்ணன் அங்கே தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும், தட்டில் புழுங்கல் சோற்றைப் பார்த்துத் தள்ளிவிட்டார். "கதவு தொறந்திருக்கு, யாராச்சும் பாப்பாங்க." கதவைச் சாத்தினேன். "வாடை வெளிய போவும்." சாகப்போகிறவருக்கு வாடைக் கவலை! இந்த மனுசனை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

அடுத்த அரிசி நாளன்று, சோற்றுச் சட்டியோடு நேரே ஸ்டோருக்குப் போனேன். லயமே வரிசையில் நின்றது. தராசுக்குப் பக்கத்தில் சட்டியை வைத்து, "அண்ணே, சாப்பிடுங்க. நீங்க சாப்பிடாம இங்க யாருக்கும் அரிசி கெடையாது" என்றேன். வரிசையில் முதலில் நின்ற அக்கா எட்டிப் பார்த்தாள். "அட, ஐயாவுக்கும் நம்ம சோறுதானா? சட்டுனு சாப்பிடுங்க சாமி, வெயில் ஏறுது." எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் கண்ணில் தண்ணீர் முட்ட, குனிந்த தலை நிமிராமல் சட்டியைக் காலி செய்தார்.

அன்றிலிருந்து அந்தச் சோறுதான். வீக்கம் மெல்ல வடிந்தது. என்னோடு பேச்சும் அன்றோடு நின்றது. என்னைத் தாப்பா ஊரில் கட்டிக் கொடுத்தபோதுகூட ஒரு வார்த்தை இல்லை. எனக்கும் ரோசம் இருந்தது.

என் தலைத் தீபாவளிக்கு அண்ணனே தாப்பாவுக்கு வந்தார். ஸ்டேஷனில் இறங்கி, வண்டி பிடிக்காமல், அத்தனை தூரமும் நடந்தே வந்திருக்கிறார். வாசலில் உட்கார்ந்து காலை நீட்டினார். நான் குனிந்து கயிற்றை அவிழ்த்தேன். கணுக்கால் எலும்பு தெரிந்தது. அழுத்திப் பார்த்தேன், குழி விழவில்லை.

"சோறு இருக்கா?" என்றார்.

"என்ன சோறுண்ணே?"

"தெரியாத மாதிரி கேக்குற."

அடுப்படிக்குள் ஓடிப்போய் அழுதேன்.

எழுபது தாண்டியும் நடந்துகொண்டிருந்தவர், இப்போது இல்லை. நேற்று அந்த விலை கொடுத்துப் புழுங்கலரிசி வாங்கி வந்து, கட்டிலுக்கடியில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துத் திட்டினேன். இந்த விலைக்கு அன்றே விற்றிருந்தால், அண்ணன் கதவை அகலத் திறந்து வைத்துச் சாப்பிட்டிருப்பார்.