வெள்ளையாக விட்ட வீடு

அடுப்பில் பால் வைத்திருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. தொழுகை நேரம் இல்லாமல் அது பேசினால் எங்கள் உத்தமபாளையத்தில் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். எந்தச் சாதி, எந்த மதத்து வீடாக இருந்தாலும் கைவேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்போம். ஜவுளிக்கடை இப்ராகிம் ராவுத்தரின் மகளார் என்று முதலில் சொன்னார்கள். எனக்குப் பிடிபடவில்லை. ராவுத்தர் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று, அந்தக் கடையும் இன்றைக்கு செல்போன் கடை. பிறகுதான், பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஜமீலா டீச்சர் என்று சேர்த்துச் சொன்னார்கள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. நான் ஜன்னல் வழியாக ஓடைக்கு அக்கரையில் இருக்கும் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் உட்கார்ந்து படம் வரைகிற பாறை. அதன் மேல் ஓர் ஆடு நின்றிருந்தது.

அவரிடம் பூகோளம் படித்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரும்பலகையில் கையை எடுக்காமல் ஒரே கோட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையை இழுத்து முடிப்பாரே, நினைவிருக்கும். தேனி தனி மாவட்டமான சமயத்தில் நான் அறிவியல் ஆசிரியையாக அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். எனக்குக் கிடைத்தது அவருக்குப் பக்கத்து நாற்காலி. முதல் நாள் சாப்பாட்டு வேளையிலேயே பையிலிருந்து ஓர் அஞ்சறைப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். சமையல்கட்டில் இருக்க வேண்டியது இங்கே எதற்கு என்று எட்டிப் பார்த்தேன். கடுகு இருக்க வேண்டிய கிண்ணத்தில் பச்சை, சீரகத்துக்குப் பதில் நீலம், நடுக்கிண்ணம் நிறைய வெள்ளை. எல்லாம் தேனியில் வாங்கிய போஸ்டர் கலர். அடியில் இருப்பது தெரியாமல் மூடிவிடுகிற கெட்டிச் சாயம்தான், ஆனால் காய்ந்த பிறகும் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கரைந்து வந்துவிடும்.

வரைவதற்குத் தாள் வாங்கமாட்டார். வீட்டுக்கு வருகிற கல்யாணம் காட்சிப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கம் போதும். "இம்புட்டு நல்ல அட்டைய யாரு காசு குடுத்து வாங்குவா? வீடு தேடி வந்து குடுக்குறாக" என்பார். உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்மாய், ஒரு சோளக்காடு, மேகம் இறங்கிய ஒரு மலை இருக்கும். திருப்பினால் யாரோ ஒருவரின் முகூர்த்த நேரம். நான் ஆசைப்பட்டு ஒருமுறை கையில் தூரிகையை எடுத்தேன். பச்சை கறுத்துப்போய்விட்டதே என்று உடனே அதன் மேல் வெள்ளையைக் கலக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். "ஈரத்துல பாத்து முடிவு பண்ணாத. காஞ்சாத்தான் என்ன நெறம்னு தெரியும்." அவர் சொன்னபடி அது காய்ந்ததும் வெளிறித்தான் போயிற்று.

அந்தப் படங்களில் மனிதர் கிடையாது. சந்தை வரைந்தால் சாக்கும் தராசும் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். பேருந்து நிலையத்தைக்கூட அப்படித்தான் வரைந்தார். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு நான், "என்ன டீச்சர், ஊரையே காலி பண்ணிப்புட்டீக?" என்றேன்.

"உசுருள்ளத வரையுறதில்லன்னு ஒரு பழக்கம்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "மரத்துக்கும் உசுரு இருக்குன்னு எனக்குப் பாடம் எடுக்காத" என்று சேர்த்துக்கொண்டார். சிரித்தோம். ஆனால் அந்தப் பேருந்து நிலையத்தை அதிக நேரம் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் வரைந்தது எதுவும் நிலைக்காது என்ற பேச்சு ஊரில் எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியாது. கம்பம் சாலையோரத்துப் புளியமரங்களை வரைந்தார். சாலையை அகலப்படுத்த அவற்றை வெட்டினார்கள். ஒரு குட்டையை வரைந்தார். அதில் மண்ணடித்துக் கடை கட்டினார்கள். தெரிந்தவர் ஒருவரின் திராட்சைப் பந்தலை வரைந்தார். நோய் விழுந்து கொடியை வேரோடு பிடுங்கிப்போட்டார்கள். முதலில் கேலியாகத்தான் சொன்னார்கள். டீக்கடைக்காரர், "டீச்சர், நம்ம கடையப் படம் போட்டுறாதீக" என்பார், எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு சிரிப்பு குறைந்தது.

ஒரு சனிக்கிழமை நானும் அவரும் சுருளிப்பட்டிப் பக்கம் போயிருந்தோம். தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு கல் கட்டுக் கிணறு. அவர் அஞ்சறைப் பெட்டியைத் திறந்ததும் தோப்புக்காரப் பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஆத்தா, கோவிச்சுக்காதீக. ஒங்கள ஒண்ணும் சொல்லல. எங்கெணறு மட்டும் வேணாம். அங்கன மலை இருக்கு பாருங்க, அதப் போடுங்க. அத யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

டீச்சர் மூடியைச் சாத்தினார். அடுத்த மாதம் உண்மையிலேயே மலையை வரையப் போனார். ஆண்டிபட்டிக் கணவாய், மொட்டையாக, வெயிலில். கொஞ்ச நாளில் அந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகள் முளைத்தன. பெரியவருக்கு யாராவது சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது.

எனக்கு இந்த மாதிரிப் பேச்சில் நம்பிக்கை கிடையாது, அன்றைக்கும் கிடையாது. அந்தச் சனிக்கிழமை பேருந்தில் திரும்பி வரும்போது டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். "அந்தப் புளியமரத்துல சுண்ணாம்புல நம்பர் போட்டிருந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான வரைஞ்சீக? வெட்டப்போறது தெரிஞ்சு வரைஞ்சா வெட்டத்தான செய்வாக?"

"நம்பரப் பாத்தேன், இல்லேங்கல" என்றார். பெட்டியை மடியில் சரிசெய்துகொண்டு, "போகப்போறதுதான் என் கண்ணுக்கு அழகாத் தெரியுது வனஜா. அத என்ன பண்ணச் சொல்ற?" என்றார். காரணம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகுதான் எனக்கு உள்ளுக்குள் சில்லென்றிருந்தது.

நாங்கள் வீடு கட்டியது அதற்குப் பிறகு. திராட்சைத் தோட்டத்தில் பாதியை விற்று, ஓடைக்கரையில் இடம் வாங்கிக் கட்டினோம். மேற்கு மலையிலிருந்து வருகிற ஓடை அது, வருஷம் முழுக்க மணலாகக் கிடக்கும். பால் காய்ச்சுகிற அன்றைக்கு டீச்சர் வந்தார். வந்தவர் பூஜையறை எது, சமையலறை எது என்று பார்க்கவில்லை. நேராகக் கொல்லைப்புறம் போய் ஓடையைப் பார்த்தார்.

"தண்ணி எதுவரைக்கும் வரும்?" என்று எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"இதுல எங்கன டீச்சர் தண்ணி? நான் பொறந்ததுலருந்து பாக்கல."

டீச்சர் அக்கரையில் நின்ற ஒரு கருவேல மரத்தைக் காட்டினார். ஆள் உயரத்துக்கு மேல், முள்ளில் வைக்கோலும் ஒரு சேலைக் கிழிசலும் சிக்கியிருந்தன. "அம்புட்டு உசரத்துல யாரும் சேல காயப்போட மாட்டாக" என்றார்.

"காத்துல வந்து மாட்டியிருக்கும்" என்று எங்கள் வீட்டுக்காரர் சிரித்து மழுப்பினார். பாயசத்தை எல்லோருக்கும் அவரே ஓடி ஓடிப் பரிமாறினார். அன்று இரவு படுக்கும்போது, "நல்ல நாளும் அதுவுமா அந்தம்மா பேசுன பேச்சப் பாத்தியா?" என்றார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் அந்தப் பாறைக்கு வர ஆரம்பித்தார். நான் டீ எடுத்துக்கொண்டு மணலைக் கடந்து போவேன். கிட்டே போனதும் அட்டையைக் கையால் மறைத்துக்கொள்வார். ஒருநாள் அதை வெயிலில் காய வைத்துவிட்டுத் தண்ணீர் மாற்றப் போயிருந்தார். நான் குனிந்து பார்த்தேன். மணல், நாணல், எங்கள் வேப்பமரம், நான் நட்ட தென்னங்கன்று, துணி காய்கிற கொடிக்கயிறு வரைக்கும் இருந்தது. வீடு மட்டும் இல்லை. வீடு இருக்க வேண்டிய இடத்தில் அட்டையின் வெறும் வெள்ளை. அவசரத்தில் விட்ட இடமும் அல்ல. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, படி எல்லாவற்றுக்கும் ஓரம் பிசகாமல் சுற்றிலும் சாயம் பூசி, நடுவில் எங்கள் வீட்டை அப்படியே வெட்டி எடுத்ததுபோல விட்டிருந்தார். அட்டையைத் திருப்பினேன். எங்கள் புதுமனை புகுவிழாப் பத்திரிகை.

"எங்க வீடு எங்க டீச்சர்?"

"அது அப்புடியே இருக்கட்டும்."

"பூசி முடிங்க."

"முடிஞ்சிருச்சு" என்றார்.

அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான் கோபப்பட்டதில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். புதுவீட்டில் அடுப்பு மூட்டியவளுக்கு அந்த ஓட்டையைக் காட்டினால் யாருக்கும் பொறுக்காது. அட்டையை பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மணியடித்ததைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம்.

ஓர் ஐப்பசியில் மலை மேல் மழை பிடித்தது. எங்களுக்குத் தூறல்கூட இல்லை, தரை காய்ந்து கிடந்தது. மத்தியானம் கொடியில் துணி எடுக்கப் போனவள், மேற்கே கல்லை உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டு நின்றேன். முதலில் வந்தது தண்ணீர் அல்ல, சருகும் சுள்ளியும் கலந்த நுரை. அதன் பின்னால் செம்மண் நிறத்தில் ஓடை வந்தது. தென்னங்கன்று போயிற்று, துவைக்கிற கல் போயிற்று, கொடிக்கம்பம் கயிற்றோடு போயிற்று. கொல்லைப்புறத்துக் கடைசிப் படியில் வந்து நின்று, சுவரைத் தொட்டுக்கொண்டே ஓடியது. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஜமீலா டீச்சர் கணுக்கால் தண்ணீரில், மழையில்லாத தெருவில் விரித்த குடையோடு நின்றிருந்தார். "வனஜா, ரெண்டு பேரும் எங்க வீட்டு மாடிக்கு வாங்க" என்றார். போனோம். அன்று அவர் வைத்த ரசத்தை எங்கள் வீட்டுக்காரர் தலைநிமிராமல் சாப்பிட்டார்.

மறுநாள் வீட்டைக் கழுவிவிட்டோம். "வந்துட்டுப் போயிருச்சு, இனிமே நம்ம காலத்துல வராது" என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேல் இரண்டு முறை வெள்ளையடித்தோம். கோடு ஒவ்வொரு முறையும் வெளியே வந்தது.

டீச்சருக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் கெட்டுப்போனது உங்களில் பலருக்குத் தெரியும். இந்த ஆவணியில் பார்க்கப் போனேன். மாடியறையில் படுத்திருந்தார், முகம் ஊதியிருந்தது. அவர் தங்கை நூர்ஜஹான் தலையணையை உயர்த்தி வைத்துவிட்டுக் கீழே போனார். போனதும் டீச்சர் பேசினார்.

"வீடு எங்கன்னு கேட்டியே, ஞாபகம் இருக்கா?"

"இப்ப எதுக்கு டீச்சர் அது?"

"நம்பர் போட்ட மரத்தத்தான் நான் வரையுறேன்னு நீ சொன்ன. சரியாத்தான் சொன்ன. ஒங்க வீட்டுக்கும் நம்பர் போட்டிருந்துச்சு, அந்தக் கருவேல முள்ளுல. அத வரைஞ்சா போயிருமோன்னு கை வரல. பூகோளம் நடத்துறவ, ஊரு பேச்சுக்குப் பயந்துட்டேன். சுத்தி எல்லாத்தையும் வரைஞ்சேன், ஒங்கள மட்டும் விட்டுட்டேன்."

எங்களை அழித்துவிட்டார் என்று நான் நினைத்திருந்த வெள்ளை, எங்களைத் தொடக்கூடாதென்று அவர் விட்டு வைத்த இடம். கேட்டதும் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம்தான். அவரே நம்பியிருக்கிறார் என்றால் என்ன செய்வது? நான் அழுதேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஐப்பசிக்கு முன்ன இங்கன வந்துருங்க. நான் இருந்தாலும் இல்லாட்டியும். நூர்ஜஹான்ட்ட சொல்லிட்டேன்" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் எழுந்து போய்க் கொல்லைக் கதவைச் சாத்தினார். ஓடைக்கு மேற்கே புது மனைகள் போட்டு, கரையை இரண்டு பக்கமும் நெருக்கிவிட்டார்கள். அது அவருக்கும் தெரியும். ஆனால் தோட்டத்தை விற்றுக் கட்டிய வீட்டை விட்டுப் போவதற்கு அவருக்கு வாய் வரவில்லை.

டீச்சரை அடக்கம் செய்த அன்று எங்கள் வீட்டுக்காரரும் கபர்ஸ்தானுக்குப் போய்க் கைமண் போட்டுவிட்டு வந்தார். வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை. ஓடையைக் கடந்து அந்தப் பாறையில் போய் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அவர் அதுவரை போனதே இல்லை. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் இறங்கிய பிறகு வந்து, கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "அங்கனருந்து பாத்தா நம்ம வீடு ஓடைக்குள்ள நிக்குது. சாமான எடுத்து வையி."

நேற்று சாமான்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. டீச்சரின் மாடியறையில்தான் இதை எழுதுகிறேன். அவருடையது என்று என்னிடம் இருப்பவை இந்த அறை, ஜன்னலோரம் இருந்த அஞ்சறைப் பெட்டி, சேலைகளோடு வந்த அந்த அட்டை. பெட்டியில் சாயம் காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் விட்டதும் இளகிக்கொண்டது.

அவர் விட்டு வைத்ததை இன்று காலை நான் வரைந்துவிட்டேன். சுவருக்கு இளமஞ்சள், கதவுக்குப் பச்சை, கீழே அந்தக் கோடு. எனக்குக் கை பழக்கமில்லை, தண்ணீர்த் தொட்டி கோணிவிட்டது. அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. போனால் சுவர்தான் போகும் டீச்சர், அதனால்தான் வரைந்தேன்.

ஈரத்தில் நிறம் சரியாகத்தான் இருந்தது. வெயிலில் காயட்டும் என்று அட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். தெருவில் நல்ல வெயில். மேற்கே பார்த்தேன், கறுத்த மழை மூட்டத்தில் மலை தெரியவில்லை. அட்டையை உள்ளே வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன்.