துலுக்காத கிடா

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, சமயநல்லூரில் எங்கள் அப்பா வீட்டில் உட்கார்ந்து ஒரு ஊர்க்கூட்டத்தையே வெட்டிச் சாய்த்தேன். எல்லாம் டிவிக்குள் இருந்த பேய்கள்தான். ஆனாலும் அவ்வளவு சந்தோஷம்.

தம்பி செய்த வீடியோ கேம் அது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேலைக்கும் போகாமல், அறைக்குள் அடைந்து கிடந்து உருவாக்கியது. முழு விளையாட்டு இல்லை, கொஞ்ச நேரம் ஆடிப் பார்க்கிற டெமோ மட்டும். அப்பாவுக்குக் கப்பலூரில் லேத் பட்டறை. "இன்னைக்கு அதப் போட்டுக் காட்டு. எனக்குத் திருப்தி இல்லேன்னா நாளைக்குப் பட்டறைக்கு வந்துரணும். அப்புறம் இந்தப் பேச்சே இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். நான் நன்றாக ஆடிக் காட்டி, நடுநடுவே ஆகா ஓகோ என்று புகழ வேண்டும். அதற்காகத்தான் தம்பி என்னை வரவழைத்திருந்தான். நடிக்கவே தெரியாதவளை நம்பினான் பாருங்கள்!

நடிக்க வேண்டியிருக்கவில்லை. என் கையில் ஆளுயர அரிவாள். மண்ணைப் பிளந்துகொண்டு பேய்கள் எழுந்து வருகின்றன. ஒன்றை வெட்டினால் இடுப்போடு இரண்டாகிறது. மேல்பாதி கையை ஊன்றி மறுபடி என்னை நோக்கி ஊர்கிறது. மண்டையில் ஒரே போடு. ரத்தம் திரை முழுக்கத் தெறித்து வழிந்தது. "வாடா, உனக்கும் வேணுமா?" என்று கத்தினேன். பஸ்ஸில் இடித்தவன், ஆபீஸ் மேனேஜர், என் மாமியார் என்று ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டு வெட்டினேன்.

"ஆத்தாடி! இம்புட்டுக் கோவத்த எங்கக்கா வச்சிருந்த?" என்றான் தம்பி.

அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். சிரிக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

கடைசியில் ஒரு குகை. கிடாத் தலையும் மனித உடம்புமாக ஓர் அரக்கன் தலையைக் குனிந்து நிற்கிறான். மேலே பாறையிலிருந்து அந்தத் தலைமேல் தண்ணீர் ஒழுகுகிறது. அரிவாளை ஓங்கினேன். ஓங்கியபடியே நின்றுவிட்டேன்.

எங்கள் குலசாமி கோயிலில் கிடா வெட்டும் முன் அதன் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்க வேண்டும். துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதென்று அர்த்தம். துலுக்காத கிடாமேல் அரிவாள் படாது. நினைவு தெரிந்த நாள் முதல் பார்த்துப் பழகியதால், என் விரல் தானாகக் காத்திருந்தது.

அது துலுக்கவில்லை. நிமிர்ந்து, கொம்பால் என் வயிற்றைக் கிழித்துக் குடலை உருவிப் போட்டது. மறுபடி ஆடினேன். மறுபடியும் ஓங்கி நின்றேன். மறுபடியும் குடல்.

"குனிஞ்சு நிக்கிறப்பவே வெட்டுக்கா! என்னக்கா பண்ற? என் பொழப்பக் கெடுத்துறாதக்கா!" தம்பிக்குக் குரல் உடைந்துவிட்டது.

"வெட்ட வரலடா."

அடுத்த முறையும் செத்தேன். எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. கன்ட்ரோலரைச் சோபாவில் வீசி எறிந்தேன். தம்பி சுவரில் ஓங்கிக் குத்தினான். விரல் முட்டி பெயர்ந்து ரத்தம் வந்தது.

அப்பா பேப்பரை மடித்தார். "அவள எதுக்குடா வையிற? துலுக்காத கெடாவ எவன்டா வெட்டுவான்?"

தம்பி திரும்பினான். "நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"மொதல்ல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்." எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், திரையில் மறுபடி குனிந்து நின்ற அரக்கனை உற்றுப் பார்த்தார். "இதத் துலுக்க வைக்க முடியுமா?"

"முடியும்ப்பா. ஆனா நாளாகும்."

"ஆகட்டும். பட்டறைக்கு நான் வேற ஆள் பாத்துக்கிறேன்." வாசல்வரை போனவர் நின்றார். "துலுக்குச்சுன்னா கூப்புடு. மொத வெட்டு நான் வெட்டுறேன்."