இன்னொரு கண்

மெர்வின் ஹாட்ரில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். நியூ சவுத் வேல்ஸின் மேற்கே, அடுத்த வீட்டுக்கு முப்பது கிலோமீட்டர் போகவேண்டிய இடத்தில் தனிக்கட்டை. ஜூலை லீவு விட்டால் மனுஷருக்குக் கேடுகாலம். பிள்ளைகள் போடும் கூச்சலை வருஷமெல்லாம் திட்டுவார். லீவு தொடங்கிய மூன்றாம் நாளே அது இல்லாமல் தவிப்பார்.

பத்தொன்பது வருஷமாக ஒரே ஒரு விண்மீன் மண்டலத்தைத் தொலைநோக்கியில் பார்த்துவருகிறார். அதன் நடுவில் ஒரு கருந்துளை. தீனி கிடைத்தால் நடுப்புள்ளி பளிச்சென்று ஏறும், இல்லாவிட்டால் மங்கும். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இன்றைக்கு இவ்வளவு வெளிச்சம் என்று வானம் பார்ப்பவர்கள் சங்கத்துக்கு எழுதி அனுப்புவார். சம்பளமா? ஒரு மண்ணும் கிடையாது.

அதையே பார்க்கிற இன்னொரு ஜீவன் நியூசிலாந்தின் தெற்குக் கோடியில் இருக்கும் கிளெனிஸ் டாரன்ட் என்கிற அம்மாள். நேரில் பார்த்ததே இல்லை, எல்லாம் போன்தான். இருவரும் எழுதி அனுப்பும்வரை யார் என்ன பார்த்தார்கள் என்று மூச்சு விடக்கூடாது. காதில் விழுந்துவிட்டால் கண்ணும் அதையே பார்க்கும்.

லீவின் ஐந்தாம் நாள், புள்ளி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வெளிச்சமாக நின்றது. மெர்வின் ஆயுசில் பார்த்ததில்லை. உடனே எழுதி அனுப்பினார். ஒற்றை ஆள் சொல்லை நம்பி ஆராய்ச்சிக்காரர்கள் பெரிய தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பமாட்டார்கள். கிளெனிஸும் சொன்னால் திருப்புவார்கள். அங்கேயோ விடாத மழை.

மறுநாள் மத்தியானம் அந்தம்மாவே கூப்பிட்டார்.

"மழை விட்ருச்சு மெர்வ். இன்னிக்குப் பார்த்துடலாம். ஏன் குரல் கிணத்துக்குள்ள இருந்து வருது? சாப்பிட்டியா?"

"பீன்ஸ் டின்னைத் திறந்தேன்."

"நாசமாப் போச்சு! மனுஷன் திங்கிறதாய்யா அது?"

மெர்வின் சிரித்தார். சிரித்த சந்தோஷத்தில் வாய் நழுவிவிட்டது. "ரெண்டு மடங்கு ஏறிடுச்சு கிளெனிஸ்! நேத்துப் பார்த்தேன்!"



"அடப்பாவி," என்றார் கிளெனிஸ். "பத்தொன்பது வருஷமா வாயைக் கட்டிட்டு இருந்தோமே."

அன்றைக்கு அங்கே வானம் தெளிந்தது. அந்தம்மா பார்த்தார், அனுப்பவில்லை. அடுத்த வாரம் புள்ளி பழையபடி இறங்கிவிட்டது. சங்கத்துப் பட்டியலில் மெர்வின் எழுதியது மட்டும் பக்கத்தில் கேள்விக்குறியோடு நிற்கிறது.

மெர்வின் வெட்கத்தை விட்டுப் போன் போட்டார். "நீ பார்த்ததை எனக்காவது சொல்லேன்."

"நான் பார்த்தேனா, நீ சொன்னதைப் பார்த்தேனான்னு எனக்கே தெரியல. ஏன்யா சொன்ன?"



"உன் போன் வர்ற வரைக்கும் ஆறு நாளா நான் ஒரு ஆள்கிட்டயும் பேசல, கிளெனிஸ்."