எட்மண்டன் வீடும் ஆடும் சபையும்

கிளறிற்றாவுக்கு அந்த மாசி மாதம் முழுவதும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த மேசையையே திரும்பத் துடைப்பாள். பஸ்ஸில் இடமிருந்தாலும் நின்றுகொண்டே போவாள். இருபத்தொன்பது வருடம் கூட வாழ்ந்த கணவர் றெமீசியஸ், தை முதலாம் திகதியிலிருந்து அவளைச் 'சகோதரி' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். பிறகு எப்படி இருப்புக் கொள்ளும்?

எல்லாம் டயனா அக்காவின் கட்டளை. டயனா அக்கா கன்னியாஸ்திரி அல்ல. வெள்ளிக்கிழமைகளில் தன் வீட்டு முன்னறையில் செபக்கூட்டம் நடத்துகிறவர். பாடினால் கல்லும் கரையும், அதை மறுப்பதற்கில்லை. கூட்டத்துக்கு வருகிற எட்டுக் குடும்பங்களும் வீடுகளை விற்று, வேல்ஸில் ஒரு பண்ணை வாங்கி, ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கமாக, எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழவேண்டும் என்று ஆண்டவர் தனக்குக் காட்டியதாக அவர் சொன்னார். புருசன் பெண்சாதி இனிக் கிடையாது. றெமீசியஸ் அன்றே தலையணையைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விட்டார். அறுபது வயதில் அது பெரிய தியாகம் என்று அவருக்கு நினைப்பு. குறட்டைச் சத்தம் குறைந்ததைத் தவிர அதில் வேறொரு நன்மையும் கிளறிற்றாவுக்குத் தெரியவில்லை.

வட லண்டன் எட்மண்டனில் அவர்கள் இருந்த வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. அவள் கையெழுத்து வைக்காமல் விற்க முடியாது.

அவளுக்கு வேலை ஒரு நூலகத்தில், பழைய கடிதங்களை வாசித்துக் கணினியில் தட்டுவது. அந்தக் காலத்து ஆங்கிலக் கூட்டெழுத்து அங்குள்ள இளம் பிள்ளைகளுக்கு விளங்காது. மன்னாரில் சிஸ்டர்மாரிடம் அடி வாங்கிப் படித்த கிளறிற்றாவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பங்குனியில் அவளிடம் வந்த கடிதப் பெட்டி ஷேக்கர்களைப் பற்றியது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் லண்டனில் ஒரு பெண்ணைச் சுற்றிச் சேர்ந்த ஏழைச் சனம் அது. செபத்தில் மெய்மறந்து குலுங்கி ஆடியதால் ஊரார் வைத்த பெயர். உள்ளதையெல்லாம் பொதுவில் போட்டுவிட்டு, தெற்கே காட்டோரம் ஒரு வீட்டில், ஆணும் பெண்ணும் சகோதரங்களாய் இருந்தார்கள். தலைவிக்குச் சாவே இல்லை என்று நம்பினார்கள். வாசிக்க வாசிக்க, கிளறிற்றாவுக்கு அது டயனா அக்காவின் பண்ணையாகவே தெரிந்தது.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். சொன்னதில்தான் பிழை விட்டாள். அந்தச் சனம் கடன் கட்டமுடியாமல் ஒரு மார்கழியில் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டதை, கட்டிலும் மேசையும் பனிக்குள் தெருவோரம் கிடந்ததை, வலுவாய் வர்ணித்தாள். மனிதர் பயந்துவிடுவார் என்று கணக்குப் போட்டாள்.

"ஒருத்தரும் விட்டிட்டுப் போகேல்லையோ?" என்று றெமீசியஸ் கேட்டார்.

"இல்லை. பனிக்குள்ளை நிண்டு பாடிச்சினமாம்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீரே, அதுதான் விசுவாசம்."

சமயத்துக்காக வெட்டுண்டு செத்த வேதசாட்சிகளின் மண்ணில் பிறந்த மன்னார்க்காரரிடம் போய், விசுவாசத்துக்காகப் பாடுபட்டவர்களின் கதையைச் சொல்லிப் பயமுறுத்தலாம் என்று நினைத்தாளே, அவளை என்னவென்று சொல்வது? அடுத்த வெள்ளி அவர் அதைக் கூட்டத்தில் சாட்சியமாகவே சொன்னார். டயனா அக்கா விம்மி அழுதார். சித்திரைக்குள் எல்லாரும் வீட்டை விற்பனைக்கு விட்டுவிடவேண்டும் என்று முடிவாயிற்று.

கிளறிற்றாவுக்குத் தன் வாயைத் தைக்கவேண்டும் போலிருந்தது. மறுபடி அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டாள். மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து, அடிவரை வாசித்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை றெமீசியஸ் விற்பனைக் கடுதாசியை மேசையில் விரித்துப் பேனையை நீட்டினார். "சைன் வையும்."

"அந்தத் தலைவிக்குக் கடைசியிலை என்ன நடந்தது எண்டு நீங்கள் கேக்கேல்லை," என்றாள் கிளறிற்றா.

"என்ன நடந்தது?"

"வருத்தம் வந்து செத்துப்போனா. எழும்புவா எண்டு காத்திருந்து பாத்தவை. எழும்பேல்லை."

"சனம்?"

"போக இடமிருந்ததுகள் போச்சுதுகள். ஒரு மனிசிக்கு இடமில்லை. தம்பியின்ரை பெண்சாதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறா, குசினி மூலையிலை எண்டாலும் படுக்க விடுவியோ எண்டு. பதில் பெட்டிக்குள்ளை இல்லை. நான் எல்லாம் தேடிப் பாத்திட்டன்."

கோபத்தோடு தொடங்கியவள் இப்போது கதிரையை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்கள் போங்கோ. நான் மறிக்கேல்லை. ஆனால் வீட்டை விக்க விடமாட்டன். உங்கட டயனா அக்காவும் ஒருநாள் சாவா. அண்டைக்கு நீங்கள் ஆரிட்டையும் கடிதம் எழுதிக் கேக்கக்கூடாது."

அவர் பேனையைக் கையிலேயே வைத்திருந்தார். "அப்பிடி நான் வந்தால் உள்ளை விடுவீரோ?" என்று கேட்டார்.

"அதுக்குத்தானே வீட்டை வைச்சிருக்கிறன்."

சித்திரை முதல் கிழமையில், ஒரு சூட்கேசோடு றெமீசியஸ் வேல்ஸுக்குப் புறப்பட்டார். வாசற்கதவுத் திறப்பைச் சாவிக்கொத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தார். கிளறிற்றா அதை எடுத்து, அவருடைய கோட் பைக்குள் போட்டுவிட்டாள்.