எலுமிச்சைக்குப் பெரியண்ணன்

போன வாரம் சூப்பர் மார்க்கெட்டில் ஊறுகாய் அடுக்கின் முன்னால் நின்றிருந்தேன். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து நான் ஊறுகாய் வாங்குவதில்லை. பார்ப்பதற்குத் தடை ஏதும் இல்லையே! எனக்குப் பின்னால் ஒரு பெண், புதிதாகக் கல்யாணமானவள்போல இருந்தாள், அடுத்த வரிசையில் நின்ற புருஷனைக் கூப்பிட்டாள்.

"நாரணா, நாரத்தங்காய் எடுத்துட்டியா லா?"

பெயரையும் காயையும் ஒரே மூச்சில் சொல்லி, இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா'வும் ஒட்டிவிட்டாள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் அவன் நன்றாக இருக்கிறானா என்று எட்டிப் பார்த்தேன்.

சிரிக்காதீர்கள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பெண்கள் பயந்த காலத்து ஆள் நான். அந்தப் பெயர் வேறொரு சொல்லில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சொல்லையும் விட்டுவிடுவார்கள். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்து என்ன செய்ய? சமயத்துக்கு உதவவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எனக்குத் துறைமுகக் கிட்டங்கியில் மூட்டைகளுக்குக் குறி போடுகிற வேலை. கருவாடும் மிளகாயும் கலந்த வாடை குளித்தாலும் போகாது. அந்த வாடையோடு என்னைத் தன் வீட்டு முன்னறையில் குடிவைத்துக்கொண்டவர் நாரணண்ணன். தொங்கான் என்று சொல்கிற சரக்குப் படகில் எதிரே கெடா கரைக்குப் போய் அரிசி ஏற்றிவருவார். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். ஊரிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தச் சந்தில் வேறு தமிழ்ப் பெண் கிடையாது. மேல்மாடியில் சீனக் குடும்பம்; அவர்களோடு சிரிப்புதான் பாஷை.

அண்ணன் படகேறிப் போயிருந்த சமயத்தில் அக்காவுக்கு மசக்கை கடுமையாயிற்று. கஞ்சித் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. கன்னம் ஒட்டி, கண்மட்டும் பெரிதாகிவிட்டது.

"வாய்க்கு ஏதாச்சும் வேணுமாக்கா?"

"உப்புல ஊறின ஒரு காய் இருக்கு தம்பி. அதுல ஒரு துண்டு கிடைச்சாக் கஞ்சி இறங்கிரும்."

"என்ன காய்?"

"பேரு வாயில வராது."

மறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு எனக்கு. கடைத்தெருவில் ராவுத்தர் கடைக்குப் போனேன். வாசலிலேயே பெருங்காயம் மூக்கைப் பிடித்து இழுக்கும். "பேரு தெரியாம சரக்குக் கேக்குறியே தம்பி" என்று சலித்துக்கொண்டு எலுமிச்சை ஊறுகாயைக் கட்டிக் கொடுத்தார். அக்கா வாயில் வைத்தாள். "இது இல்ல. இதுக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும்."

எலுமிச்சைக்குப் பெரியண்ணன்! ராவுத்தரிடம் அப்படியே சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். நான் பஸ் ஏறி ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போய், குழந்தையின் தலை அளவுக்கு ஒரு பம்பளிமாஸைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அக்கா வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தாள். சிரித்த கையோடு வாந்தி எடுத்தாள். பிறகு சீனர் கடையில் சீனியில் ஊறப்போட்ட ஜாதிக்காய் வாங்கிக் கொடுத்தேன். "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்று விழுங்கப் பார்த்தாள். அதுவும் நிற்கவில்லை. தலைமாட்டில் செம்போடு நிற்பதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

"அவுக வந்தாச் சொல்லுவாக, என்ன காயின்னு" என்பாள்.

அவர் வரவில்லை. ஆற்று முகத்துவாரத்தில் தொங்கான் கவிழ்ந்துவிட்டது என்று கூட வேலை செய்தவர்கள் வந்து சொன்னார்கள். அக்கா அழுததை எழுத என்னால் ஆகாது.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பினேன். ஒரு காலில்தான் செருப்பு மாட்டியிருந்தேன். அக்கா கதவோரம் வந்து நின்றாள்.

"தம்பி, வரும்போது நாரத்தங்காய் வாங்கிட்டு வா."

குரலில் தடுமாற்றமே இல்லை. எந்தக் கடையிலும் எந்தப் பெண்ணும் கேட்பதுபோலக் கேட்டாள். நான் குனிந்து மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டேன்.

"மொதல்லயே பேரச் சொல்லிருக்கலாம்ல" என்று ராவுத்தர் எட்டி மேல்தட்டு ஜாடியை இறக்கினார். அத்தனை நாளும் என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. அன்றைக்கு அக்கா கஞ்சி முழுவதையும் குடித்தாள். வயிற்றில் நின்றது. பிள்ளை பிறந்தபின் கைக்குழந்தையோடு ஊருக்குக் கப்பலேறினாள். அதற்குப் பிறகு சேதி ஒன்றும் இல்லை.

இப்போது தொங்கான்கள் இல்லை. ராவுத்தர் கடை இருந்த இடத்தில் கேசட் விற்கிறார்கள். வாய்க்குள் பெயரைப் பொத்திவைக்கிற பெண்களும் இல்லை. நல்லதுதான் என்று எனக்கே படுகிறது.

காசு கட்டுகிற இடத்திலிருந்து அந்தப் பெண் மறுபடி குரல் கொடுத்தாள். "நாரணா!"

"வர்றேன் லா" என்றான் எங்கிருந்தோ.

அவன் அவளிடம் வந்து சேரும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.