சர்க்கரை மாத்திரையும் என் படபடப்பும்

நாற்பத்திரண்டு வயதில் நான் வாரத்துக்கு இரண்டு முறை செத்துப்போனேன். தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு நெய்துகொண்டிருப்பேன். திடீரென்று நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். குழியிலிருந்து தாவி ஏறி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. ஈசிஜி எடுப்பவர் சட்டையைக் கழற்றச் சொல்வதுகூட இல்லை, வாசலிலேயே கழற்றிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் இதயம் நன்றாகவே இருந்தது. எனக்குத்தான் அவமானம்.

உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோர்க்கும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலையும் ஒரு கரையையும் நான் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து மறு கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவது என் மனைவி. நான் ஓடினால் அவள் வேலையும் நின்றுபோகும்.

"இன்னொரு தபா எகிறி ஓடுனியானா, எங்க அண்ணன் தறிக்குப் போயிடுவேன்யா" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை அகப்பட்டது. டாக்டர் மாத்திரை எழுதினார், நடக்கச் சொன்னார், காப்பியைக் குறைக்கச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து யோசித்தால், நான் செத்து ரொம்ப நாள் ஆகியிருந்தது!

"சார், இது சர்க்கரை மாத்திரையா, பயத்துக்கு மாத்திரையா?"

டாக்டர் சிரித்தார். "சர்க்கரை மருந்து மனசையும் தொடுமான்னு யோசிக்கிறவங்க இருக்காங்க. உறுதியா யாருக்கும் தெரியாது. நீங்க நடக்கவும் செய்றீங்க, காப்பியும் குறைச்சிட்டீங்க. எது கேட்டுதுன்னு எப்படிச் சொல்றது?"

எனக்கா தெரியாது? துணியில் கோடு விழுந்தால், காரணம் தெரிய ஒன்றை மட்டும் மாற்றி, நான்கு விரல் நெய்து பார்ப்போம். நடையை விடவில்லை, காப்பியைக் கூட்டவில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்தி, ஊடைநூல் சுற்றிய தார் வைக்கும் டப்பாவில் ஒளித்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

ஐந்தாம் நாள் தறியில் நெஞ்சு படபடத்தது. கண்டுபிடித்துவிட்டேன்! சாகும் நேரத்திலும் அப்படியொரு பெருமை. அப்போது தார் எடுக்கக் கை விட்ட மனைவியிடம் மாத்திரைகள் சிக்கின.

"இது இன்னாய்யா?"

ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்த கதையைச் சொன்னேன்.

"ஒண்ணத்தான் மாத்துனியா? மாத்திரைய நிறுத்துன, எங்கிட்ட மறைச்சிக்கினு திரிஞ்ச. ரெண்டாச்சே! எதுக்குப் படபடக்குதுன்னு இன்னா கண்ட?"

குழியின் விளிம்பில் என் கை ஊன்றியிருந்தது. அதைப் பார்த்தாள்.

"ஓடப்போறியா?"

"இல்ல."

"நாளைக்கு டாக்டராண்ட நீயே ஒப்புக்கோ. இப்ப நாடாவ வுடு."

விட்டேன். அவள் தன் கரையைக் கோர்த்தாள். பத்து இழை, இருபது இழை. படபடப்பு எந்த இழையில் இறங்கிப்போனதென்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை.