பெரிய புல்லி

எனக்குத் தலைக்கனம் உண்டு. வயதாகியும் முழுக்கப் போகவில்லை. முதல் ஜெர்மன் சண்டை தொடங்குவதற்குச் சற்று முன்பு, விக்கிரமசிங்கபுரத்து நூல் மில்லில் பிட்டராக இருந்தபோது அது இன்னும் கூடுதல். எந்திரங்களை ஓட்டும் வாரும் அது சுற்றும் புல்லிச் சக்கரமும் பற்றி எவனும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்று திரிந்த காலம் அது.

அம்பாசமுத்திரத்தில் இருந்த டாக்டர் பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவர். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். அந்தக் காலத்து வண்டிக்குக் கியர் கிடையாது. எஞ்சினில் சின்னதாக ஒரு புல்லி, பின் சக்கரத்தோடு சேர்ந்து அகலமான ஒரு வளையம், இரண்டையும் இணைக்க ஒரு தோல் வார். அவ்வளவுதான். தள்ளிக்கொண்டே ஓடி, எஞ்சின் பிடித்ததும் தாவி ஏற வேண்டும்.

ஒரு நாள் அவர் மில் வாசலுக்கே வண்டியைக் கொண்டுவந்தார்.

“வாய்க்கால் பாலத்துக்கு முந்தி ஒரு வளைவு இருக்குல்லா, அங்கன வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கு. பொறவு மேடு. வண்டி திணறுது. சுருக்கா எடுக்கணும்வே. புல்லியை மாத்தினா சரியாகும்ங்காவ. உம்மால முடியுமா?”

முடியுமாவாம்! எனக்குச் சுருக்கென்றது. மில்லில் ஓர் எந்திரம் சுருக்காக ஓட வேண்டுமென்றால், அதை ஓட்டுகிற புல்லியைப் பெரிதாக்குவோம். நாங்கள் தினமும் செய்கிற வேலை. மில்லில் இழுக்கிற சக்திக்குப் பஞ்சமில்லை. எதை மாட்டினாலும் இழுத்துவிடும். ஒரு மனிதனைச் சுமந்து மேடேறுகிற சின்ன எஞ்சினுக்கு அந்தக் கணக்கு தலைகீழ் என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பழையதைவிட ஒரு விரற்கடை பெரிதாகப் புல்லி கடைந்து மாட்டினேன். வாரில் ஒரு துண்டு சேர்த்தேன். டாக்டர் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். போகிற வழிக்கு அந்த மேடு இறக்கம். வண்டி பிய்த்துக்கொண்டு போனது. மில் வாசலில் நின்றவர்கள் எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கூட்டாளி புளியமரத்தில் ஏறி விறகுக்குக் கிளை வெட்டினான். மில்லில் எனக்கு அடுத்த பட்டறை அவனுடையது; இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தான். அரிவாள் வழுக்கித் தொடையில் இறங்கிவிட்டது. நான் ஓடிப்போய்த் துண்டால் இறுக்கிக் கட்டினேன். கட்டு நனைந்துகொண்டே வந்தது. ஒருவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு டாக்டரிடம் பறந்தான். கூட்டாளியின் பெண்சாதி தண்ணீரை எடுத்துக்கொண்டு உள்ளுக்கும் வெளிக்கும் நடந்தபடியே இருந்தாள்.

வெகுநேரம் கழித்து மோட்டார் சத்தம் கேட்டது. கூடியிருந்தவர்கள் “வந்துட்டாரு, வந்துட்டாரு” என்றார்கள். சத்தம் எங்கள் தெருவுக்குக் கூப்பிடு தூரத்திலிருந்த அந்த வாய்க்கால் வளைவில் தணிந்தது. பிறகு கனத்து, விக்கி, நின்றுபோனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி எஞ்சின் பிடித்தது. மறுபடி அதே இடத்தில் செத்தது.

மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். எனக்குப் புரிந்துவிட்டது. என் புல்லிதான். வண்டியால் மேட்டை இழுக்க முடியவில்லை. ஆளனுப்பித் தள்ளச் சொல்ல வேண்டும் என்று உடனே தோன்றியது. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்றும் தோன்றியது. மூன்றாவது முறை சத்தம் நின்ற பிறகுதான் வாயைத் திறந்தேன். “போய்த் தள்ளுங்கலே!” என்று கத்தினேன். இரண்டு பேர் ஓடினார்கள். அந்தத் தாமதத்தை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

கூட்டாளி கண்ணைத் திறக்காமல் கேட்டான்: “லே, வண்டிச் சத்தம் கேக்குதா?”

“வந்துட்டாருலே. தெரு முக்குல நிக்காரு” என்றேன்.

“சரி” என்றான். அதற்குமேல் பேசவில்லை. தள்ளப் போனவர்களிடம் வண்டியை விட்டுவிட்டு, டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு, சட்டையெல்லாம் வேர்வையாக, நடந்து வந்து சேர்ந்தபோது அவன் மூச்சு அடங்கியிருந்தது.

டாக்டர் உடைந்துபோனார். “வண்டி ஏற மாட்டேன்னுட்டுது. எனக்கு ஓட்டத் தெரியல” என்று என்னிடமே சொன்னார். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று யாரோ கேட்டார்கள். சொல்ல முடியாது என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

நாலு நாள் கழித்துப் பட்டறையில் உட்கார்ந்து, பழையதைவிடவும் சின்னதாக ஒரு புல்லி கடைந்தேன். சுருக்கா, சுருக்கா என்று அந்த மனிதர் தமிழில்தானே சொன்னார். சுருக்கு என்றால் சின்னதாக்கு என்பதும் அதே தமிழ்தானே. இத்தனைக்கும் எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

டாக்டரைக் கூட்டிவந்து வளைவிலேயே வண்டியை நிறுத்தி மாட்டினேன். நாலு எட்டு தள்ளினார், ஏறினார், வண்டி விருட்டென்று மேட்டின் உச்சிக்குப் போய்விட்டது. சமதரையில் வேகம் குறையும், அது கிடக்கட்டும். இவ்வளவுதான் வேலை. இவ்வளவு சுலபம். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. அவர் இறங்கி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் வாரைத் தடவிப் பார்த்தார். “என்கிட்டச் சொல்லி என்னவே ஆவும்?” என்றார்.

அன்று சாயங்காலம் கூட்டாளியின் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்சாதி சுளகை வைத்துக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். புல்லி, மேடு, நான் வாயை மூடிக்கொண்டிருந்தது, ஒன்றையும் விடவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

“கடைசியா அவுக என்ன கேட்டாவ?”

“வண்டிச் சத்தம் கேக்குதான்னு கேட்டான். டாக்டர் தெரு முக்குல வந்துட்டாருன்னு சொன்னேன்.”

“நம்பினாவளா?”

“சரின்னு சொன்னான்.”

“அப்போ டாக்டர் வந்துட்டாருன்னு நெனச்சுத்தான் போயிருக்காவ” என்றாள். பிறகு சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான் அதை மட்டும் வச்சுக்கிடுதேன், அண்ணாச்சி. மத்ததை நீங்க வச்சுக்கிடுங்க.”